பெரட்டு முடிந்த பிறகும் நடை வேண்டும்

நெகிரி செம்பிலானில் லாபு, ரந்தாவ், சிலியாவ், பகாவ் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவிய பெரியவர்களுக்கு உடற்பயிற்சி என்று ஒன்று தனியாகத் தேவைப்பட்டதில்லை. விடிவதற்கு முன்பே பெரட்டு. அதன் பிறகு ஏறக்குறைய 500 மரங்கள் கொண்ட நிரை. மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து சீவிவிட்டு, அதே வழியில் மறுபடியும் நடந்து பால் எடுத்து, வாளிகளைச் சுமந்து வரவேண்டும். செம்பனை வந்த பிறகு குலை வெட்டிய ஆண்களுக்கும் உதிரிப் பழம் பொறுக்கிய பெண்களுக்கும் உழைப்பு குறைந்துவிடவில்லை.

இந்த உழைப்பு ஒருநாள் சட்டென்று நின்றுவிடுகிறது. தோட்டத்து வீட்டை விட்டுத் தாமானில் பிள்ளைகளோடு குடியேறுகிறார்கள். "இத்தனை வருஷம் உழைச்சது போதும், உட்காருங்கப்பா" என்கிறார்கள் பிள்ளைகள். பாசம்தான், சந்தேகமில்லை. ஆனால் நடை நின்ற அளவுக்குத் தட்டில் சோறு குறைவதில்லை. அதோடு கெட்டிப்பால் ஊற்றிய தேத்தண்ணீர், மாலையில் ரொட்டி சானாய், இரவு வரை தொலைக்காட்சி. கைலியும் சேலையும் இடுப்புப் பெருத்ததைக் காட்டிக் கொடுப்பதில்லை என்பது இன்னொரு வில்லங்கம். அளவு நாடாவைத்தான் நம்பவேண்டும். நம்மவர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்ற அளவை இடுப்பு தாண்டக்கூடாது.

உட்கார்ந்திருப்பதன் கேடு இன்று நேற்றுத் தெரிந்ததல்ல. 1953-இல் லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்தார். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தில் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. நம் சமூகத்துக்கு இது கூடுதல் கவலை. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நாட்டின் சராசரியோ 18.3 விழுக்காடு.

அறுபதுக்கு மேல் எடை குறைத்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவு 2002-இல் வந்தது. உடல் எடையில் 7 விழுக்காட்டைக் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பது என்பதே அவர்களுக்குக் கொடுத்த இலக்கு. 70 கிலோ உள்ளவருக்கு அது ஐந்து கிலோதான். நோய் வரும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது. 60 வயதைக் கடந்தவர்களிடம் 71 விழுக்காடு! சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வு 2006-இல் வெளியானது. அதில் உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. இத்தனைக்கும் அவர்களுடைய எடை பெரிதாக இறங்கவில்லை. ஆகவே தராசு முள் அசையவில்லையே என்று நடையை விட்டுவிடக் கூடாது.

பழைய பெரட்டு நேரமே நடப்பதற்கு நல்ல நேரம், வெயில் ஏறியிருக்காது. முதல் வாரம் பத்து நிமிடம் போதும். மூச்சு வாங்கினாலும் பேச முடிகிற வேகம் சரியான வேகம். பல ஆண்டு குனிந்து நிமிர்ந்ததில் முட்டி தேய்ந்தவர்கள், நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைப் பத்து முறை செய்யலாம். தொடையில் வலு ஏறினால் முட்டியின் பாரம் குறையும். பழைய சைக்கிள் இருந்தால் அதுவும் நல்லதே. சோற்றை ஒரே நாளில் நிறுத்த வேண்டியதில்லை. அதில் பாதியைக் குறைத்து அந்த இடத்தில் கீரையும் மீனும் வைத்தால் போதும்.

ஏற்கனவே இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் கிளினிக்கில் சொல்லிவிட்டுத்தான் உணவைக் குறைக்கவேண்டும். மருந்து அதே அளவில் இருக்க, சாப்பாடு மட்டும் குறைந்தால் சர்க்கரை இறங்கி, கை நடுங்கி, வியர்த்து மயக்கம் வரலாம். சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். முயற்சி எதுவும் செய்யாமலேயே எடை இறங்குகிறதா? அதைக் கண்டு மகிழாமல் மருத்துவரைப் பார்க்கவேண்டும்.

தோட்டத்தில் வெறுங்காலோடு நடந்து பழகியவர்களுக்குச் சப்பாத்து பிடிக்காதுதான். ஆனால் நீரிழிவுள்ள கால்களில் முள் குத்தினாலும் உணர்வு இருக்காது. அந்தச் சின்னப் புண் காலையே எடுக்கும் அளவுக்குப் போயிருக்கிறது. மூடிய காலணி போட்டு நடக்கவேண்டும். தினமும் இரவில் பாதத்தைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்குகளைப் பேரப்பிள்ளைகளிடம் காட்டிப் பார்க்கச் சொல்லவேண்டும்.