மாடிக்கட்டடத்தில் மரம்: தானியங்கித் தச்சின் பங்கு

பத்து மாடிக்கு மேல் எழும் கட்டடம் எஃகாலோ கான்கிரீட்டாலோதான் அமைய முடியும் என்னும் எண்ணம் பொறியாளரிடமும் பொதுமக்களிடமும் நெடுங்காலமாக வேரூன்றியிருந்தது. அதை அண்மைக் காலத்தில் அசைத்திருப்பது கனமரக் கட்டுமானம். சிறு பலகைகளைப் பசையிட்டு, அழுத்தி, ஒரே உடலாக்கிப் பெறப்படும் பெருந்தூண்களையும் உத்தரங்களையும் தளப்பலகைகளையும் கொண்டு கட்டும் முறையே கனமரக் கட்டுமானம் எனப்படுகிறது.

மரம் தன் நார் ஓடும் திசையில் மிக வலியது. நாருக்குக் குறுக்கே மெலிந்தது. ஈரத்தால் விரிவதும் உலர்ந்து சுருங்குவதும் அந்தக் குறுக்குத் திசையில்தான் மிகுதியாக நிகழ்கின்றன. ஆகவே தூண்களுக்கு எல்லா நார்களும் ஒரே திசையில் ஓடுமாறு பலகைகள் ஒட்டப்படுகின்றன. தளங்களுக்கோ ஓர் அடுக்கு நெடுக்காகவும் அடுத்த அடுக்கு குறுக்காகவும் மாறி மாறி வைத்து ஒட்டப்படுகின்றன. இவ்வாறு அமையும் குறுக்கடுக்குப் பலகையில் ஓர் அடுக்கின் சுருக்கத்தை மற்றோர் அடுக்கு தடுத்து நிறுத்துவதால், அது இரு திசையிலும் சுமை தாங்குவதோடு அளவு மாறாமலும் நிற்கிறது. 1990களில் ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் வளர்ந்த இப்பலகையின் ஆய்வில் கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கெர்ஹார்ட் ஷிக்ஹோஃபரின் பங்கு பெரிது. அதற்காக அவருக்கு 2019இல் மார்கஸ் வாலன்பெர்க் பரிசு வழங்கப்பட்டது.

இத்தகைய மரத்தைக் கொண்டு உயரமாகக் கட்டுவதற்குத் தானியங்கி இயந்திரம் ஏன் தேவைப்படுகிறது என்பதே இங்கு எண்ணிப் பார்க்கத்தக்கது. விரைவும் கூலிச் சிக்கனமுமே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், உண்மையான காரணம் பிழையின் இயல்பில் இருக்கிறது. கான்கிரீட் வார்க்கும் இடத்தில் சிறு கோணலையும் பள்ளத்தையும் பூச்சாலும் நிரவலாலும் சரிசெய்துவிடலாம். வெட்டி முடித்த மரத்தூணையோ நீட்ட வழியில்லை. ஒரு தளத்துக்கு 2 மில்லிமீட்டர் தவறினாலும், அது ஒரே பக்கமாகச் சேர்ந்துகொண்டே போனால், பதினேழாவது தளத்தில் 34 மில்லிமீட்டராகி மூட்டுகள் பொருந்தாமல் போய்விடும். எனவே பிழை களத்துக்கு வருமுன்பே, ஆலையிலும் அதற்கும் முன்னால் கணினியிலும், களையப்பட்டாக வேண்டும்.

இதைத் தெளிவாகக் காட்டுவது கனடாவின் வான்கூவர் நகரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் 2017இல் திறந்த புரோக் காமன்ஸ் மாணவர் விடுதி. நானூறுக்கு மேற்பட்டோர் தங்கும் இக்கட்டடத்துக்கு 18 மாடிகள். தரைத்தளமும், படிக்கட்டும் மின்தூக்கியும் செல்லும் இரு நடுக்கூடுகளும் கான்கிரீட். மேலுள்ள 17 மாடிகளும் மரம். ஒவ்வொரு தூணும், ஒவ்வொரு தளப்பலகையும், குழாய் செல்ல வேண்டிய ஒவ்வொரு துளையும் முதலில் முப்பரிமாணக் கணினி மாதிரியில் முழுமையாக அமைக்கப்பட்டன. அம்மாதிரியிலிருந்தே வெட்டு இயந்திரத்துக்கான கட்டளைகள் பிறந்தன. இரண்டு மாடி அளவுக்கு முழு உருவ முன்மாதிரி ஒன்றும் கட்டிப் பார்க்கப்பட்டது.

ஆலையில் நடப்பது இன்னும் நுணுக்கமானது. ஏறக்குறைய 12 விழுக்காட்டு ஈரம் மட்டும் எஞ்சும்வரை பலகைகள் உலர்த்தப்படுகின்றன. கணுவும் வெடிப்பும் உள்ள பகுதிகள் நீக்கப்பட்டு, எஞ்சியவற்றின் முனைகள் கோத்த விரல்களைப்போல் பல்வெட்டி இணைக்கப்படுகின்றன. பசையிட்ட அடுக்குகள் அழுத்தியில் இறுகிய பின், கணினி வழி இயங்கும் இயந்திரம் மில்லிமீட்டர்க் கணக்கில் அவற்றை வெட்டித் துளையிடுகிறது. புரோக் காமன்ஸில், பொருத்தும் வரிசையிலேயே லாரிகளில் வந்த பாகங்களைக் கிரேன் தூக்கிக்கொடுக்க, ஒரு சிறு குழு அவற்றை நிறுத்தியது. சன்னல்கள் பொருத்தப்பட்ட முகப்புப் பலகைகளும் மரச்சட்டகத்தைப் பின்தொடர்ந்து உடனுக்குடன் மாட்டப்பட்டன. மழைநீர் மரத்தில் இறங்காமல் காப்பதற்கு இதுவே முதன்மையான வழி. எழுபது நாளுக்குள் மரச்சட்டகம் எழுந்து நின்றது. சுமையாலும் உலர்வாலும் தூண்கள் சிறிதளவு குறுகும் என்பதை முன்னரே கணக்கிட்ட பொறியாளர்கள், சில தளங்களில் மெல்லிய எஃகுத் தகடுகளை இடையில் வைத்து அதையும் ஈடுசெய்தனர். மரம் வெட்டிய பிறகும் உயிருள்ள பொருள்போல் மாறிக்கொண்டிருப்பது என்பதை இயந்திரம் தானாக அறியாது. அதை அறிந்து சொல்ல மனிதர் வேண்டும்.

நார்வேயின் புருமுண்டால் ஊரில் 2019இல் நிறைவுற்ற மியோஸ்டோர்னெட் என்னும் மரக்கட்டடம் 85.4 மீட்டர் உயரமுடையது. அதன் உத்தரமுனைகளில் கீறிய பிளவுகளில் எஃகுத் தகடுகள் செருகப்பட்டு, மரத்தையும் தகட்டையும் ஒருசேர ஊடுருவும் எஃகு ஆணிகளால் பிணைக்கப்பட்டுள்ளன. துளைகள் நேர்கோட்டில் அமையாவிட்டால் ஆணி இறங்காது. கையால் இத்தனை துளைகளை இந்தத் துல்லியத்தில் இடுவது இயலாத காரியம். எனினும் இக்கட்டடம் மரத்தின் எல்லையையும் காட்டுகிறது. ஊசியிலை மரத்தின் எடை கான்கிரீட்டின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே என்பதால், உயரத்தில் காற்று அசைக்கும்போது குடியிருப்போர் அதை உணர நேரும். அந்த அசைவைத் தணிப்பதற்காகவே மேல் ஏழு மாடிகளின் தளப்பலகைகள் மட்டும் கான்கிரீட்டால் அமைக்கப்பட்டு எடை கூட்டப்பட்டது.

தீயைப் பற்றிய அச்சம் இயல்பானதே. தடித்த ஊசியிலை மரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.65 மில்லிமீட்டர் வீதம் கரியாகிறது. அந்தக் கரியே உள்மரத்தை வெப்பத்திலிருந்து ஓரளவு காக்கிறது. ஒரு மணி நேரத்தில் கருகும் நான்கு சென்டிமீட்டரைக் கூடுதல் தடிமனாகச் சேர்ப்பது ஒரு வழி. புரோக் காமன்ஸில் மரத்தை ஜிப்சம் பலகைகளால் பல அடுக்காக மூடியது அதைவிட எச்சரிக்கையான வழி. புதிய முறை ஒன்றின் தொடக்கக் காலத்தில் அந்த எச்சரிக்கை முற்றிலும் பொருத்தமானது.

இனி எஞ்சுவது ஆலைகளைப் பற்றிய கேள்வி. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 2022இல் நிறைவுற்ற 25 மாடி அசென்ட் கட்டடத்துக்கான மரப்பாகங்கள் ஆஸ்திரியாவிலிருந்து கடல் கடந்து வந்தன. புரோக் காமன்ஸுக்குப் பாகங்கள் செய்தளித்த ஸ்ட்ரக்சர்லாம் நிறுவனம் 2023இல் திவால் பாதுகாப்புக் கோரி, பின்னர் மெர்சர் நிறுவனத்தின் கைக்கு மாறியது. தானியங்கி ஆலைக்குப் பெருமுதலீடும், அது ஓயாமல் இயங்குவதற்குத் தொடர்ந்து வரும் பணிகளும் தேவை. பெயர் பெற்றுத்தரும் உயர்ந்த கட்டடங்கள் எப்போதாவதுதான் வருகின்றன என்பதால், பள்ளிகளும் அலுவலகங்களும் குடியிருப்புகளுமாக எழும் நான்கு மாடி, ஆறு மாடிக் கட்டடங்களின் பணிகளே அந்த ஆலைகளை நிலைநிறுத்த வேண்டியிருக்கிறது.