வெயிலுக்கு ஒரு களிம்பு



பிறவியிலேயே தோலில் நிறமி இல்லாத பிள்ளைகளுக்கு நீங்கள் தரும் சன்ஸ்கிரீனைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். அது அவர்களுக்கு அழகுச் சாமான் அல்ல. தோல் புற்றுநோய் வராமல் காக்கும் மருந்து.

எஸ்.பி.எஃப். 15 என்பது தோலைச் சுடும் யு.வி.பி. கதிரில் சுமார் 93 சதவீதத்தைத் தடுக்கும். 30 என்றால் 97, 50 என்றால் 98. எண் ஏறுகிற அளவுக்குக் காவல் ஏறுவதில்லை. ஆகவே 30க்குக் குறையாமல், யு.வி.ஏ. கதிரையும் தடுக்கும் என்று எழுதியிருப்பதை வாங்குங்கள்.

தாய்மார் குழாய் தீர்ந்துவிடுமே என்று கொஞ்சமாகப் பூசுகிறார்கள். அப்படிப் பூசினால் உறையிலுள்ள எண்ணின் பலன் கிடைக்காது. வெளியில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை தாராளமாகப் பூச வேண்டும். எங்களுக்கு விலையுயர்ந்த ஒரு குழாயைவிடச் சாதாரணமான இரண்டு உதவும். தொப்பியும் முழுக்கைச் சட்டையும்கூட அனுப்பலாம்; அவை சீக்கிரம் தீர்ந்துபோவதில்லை.