அச்சாரம் கொடுத்த நிலம் கைக்கு வர

உரம், பூச்சிமருந்து என்று பேசுகிற ஆள் இன்றைக்குக் கோர்ட்டுப் பேச்சு பேசுகிறானே என்று நினைக்காதீங்க. நிலம் இருந்தால்தானே அதற்கு உரம்?

ஒரு உதாரணம் சொல்கிறேன். உங்கள் வரப்பை ஒட்டிய ஒரு ஏக்கர் விலைக்கு வருகிறது. உங்கள் கிணற்றுத் தண்ணீரே அதற்கும் பாயும். இருபது லட்சம் பேசி, நாலு லட்சம் அச்சாரம் கொடுத்து, ஆறு மாதத்தில் கிரயம் முடிப்பதாக ஒப்பந்தம் எழுதியாச்சு. அஞ்சாம் மாதம் அந்தப் பக்கம் தார் ரோடு வருதுன்னு பேச்சு. உடனே விற்கிறவர், "அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கப்பா, நிலம் தர்றதா இல்லை" என்கிறார்.

பணம் திரும்பி வந்தால் போதுமா? வரப்பை ஒட்டி இன்னொரு ஏக்கர் எங்கே கிடைக்கும்? இதற்கு 1963-ஆம் வருஷத்துச் சட்டத்தில் வழி இருக்கிறது. 'ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கு' என்பார்கள். பேசியபடி கிரயம் செய்து கொடு என்று கோர்ட் உத்தரவிடும். அப்போதும் அவர் கையெழுத்துப் போடாவிட்டால், கோர்ட்டே அவருக்காகப் பத்திரம் முடித்துக் கொடுக்கும். முன்பு இந்த உத்தரவு நீதிபதியின் விருப்பத்தைப் பொறுத்தது. 2018-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, சட்டம் சொல்லும் சில விலக்குகள் நீங்கலாக, தர வேண்டும் என்றே ஆகிவிட்டது.

ஆனால் ஒண்ணு. "மீதிப் பதினாறு லட்சத்துக்கு நீ தயாராக இருந்தாயா?" என்று கோர்ட் உங்களைத்தான் கேட்கும். தொடக்கம் முதல் கடைசி வரை தயாராக இருந்ததை நீங்கள் நிரூபிக்க வேண்டும். "அறுவடை முடியட்டும், பார்ப்போம்" என்று இருந்தவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

ஆகவே, முதலாவதாக, ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து இது கட்டாயம். பதிவு செய்தால் வில்லங்கத்தில் தெரியும். பிறகு வாங்குகிறவர் "எனக்குத் தெரியாது" என்று தப்ப முடியாது.

இரண்டாவது, பணம் இருப்பதற்கு அத்தாட்சி வேண்டும். பாங்க் பாஸ்புக் இருக்கலாம், கடன் தர ஒப்பிய கடிதம் இருக்கலாம்.

மூன்றாவது, கெடு முடிவதற்குள், "பணம் தயார், இன்ன தேதிக்குப் பதிவு அலுவலகம் வாருங்கள்" என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

நான்காவது, கெடு தேதியிலிருந்து மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். தேதி குறிக்காத ஒப்பந்தமானால், அவர் மறுத்தது தெரிந்த நாளிலிருந்து கணக்கு. மூன்று வருஷம் இருக்கேன்னு தூங்கிவிடாதீங்க. தாமதம் உங்கள் மேல் சந்தேகத்தைக் கிளப்பும். நிலம் கிடைக்காவிட்டால் அச்சாரமாவது வேண்டும் என்பதையும் அதே மனுவில் கேட்டு வையுங்கள்.

கடைசியாக, முக்கியமான ஒரு எச்சரிக்கை. கடன் வாங்கும்போது, "சும்மா ஈட்டுக்குத்தான்" என்று சொல்லிக் கிரய ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்பவர்கள் உண்டு. போடாதீங்க. இதே சட்டத்தைக் காட்டி நாளைக்கு உங்கள் நிலத்தையே கேட்பார்கள். கடனுக்குக் கடன் பத்திரம், அடமானத்துக்கு அடமானப் பத்திரம் என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

வசதி குறைந்தவர்களும் பெண்களும் வட்டச் சட்டப் பணிகள் குழுவில் கேட்டால் இலவசமாக வக்கீல் கிடைப்பார். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே போய்க் கேளுங்கள்.