ஐந்து சாட்சிகளும் ஆறாம் எண்ணும்



சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என இரட்டித்துக்கொண்டே போகும் கதையை நாம் அனைவரும் இளமையிலேயே கேட்டிருக்கிறோம். அவ்வாறு வைத்துவந்தால் 33ஆம் கட்டத்திற்கு உரிய நெல்மணிகள் 429,49,67,296 ஆகும். அதனுடன் இன்னும் ஒரு மணியைச் சேர்ப்போம். 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297 என்னும் எண் கிடைக்கிறது. இன்று நாம் ஆராயப் புகுவது இவ்வெண்ணையே.

ஒன்றாலும் தன்னாலும் அன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடாதது பகா எண். 3, 5, 17, 257, 65,537 ஆகிய ஐந்தும் பகா எண்கள். இவற்றுள் ஒன்றிலிருந்து அடுத்ததைப் பெறுவது எளிது. ஒன்றைக் கழித்து, எஞ்சியதை அதனாலேயே பெருக்கி, மீண்டும் ஒன்றைக் கூட்டினால் போதும். 65,537ஐயும் அவ்வாறே செய்தால் நமது பேரெண் வந்து நிற்கிறது.

பிரான்சு நாட்டின் துலூஸ் நகரில் நீதித்துறைப் பதவி வகித்தவாறே கணிதம் பயின்ற ஃபெர்மா என்னும் மேதை, இவ்வரிசையில் வரும் எண்கள் யாவும் பகா எண்களே என்று தாம் நம்புவதாக 1640இல் எழுதினார். நிரூபணம் தமக்குக் கிட்டவில்லை என்பதையும் ஒளிக்காமல் கூறினார். ஐந்து எண்கள் அவர் பக்கம் சாட்சி நின்றன.

1732இல், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பணியாற்றிவந்த ஆய்லர், ஆறாவதான நமது எண் 641ஐ 67,00,417ஆல் பெருக்கிய பலனே என்று காட்டினார். இவ்வெண்ணை வகுக்கும் பகா எண் எதுவாயினும் அது 64இன் மடங்கைவிட ஒன்று மிகுந்தே இருக்கும் என்பது அவர் கண்ட நெறி. அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என வருகின்றன. ஐந்தாவது சோதனையிலேயே விடை கிடைத்துவிடும். நெறி அறியாதவர் 2 முதலாகப் பகா எண்களை வரிசையாக எடுத்து வகுத்தாலும் 116ஆவதாக 641 வந்து சேரும். பொறுமை உள்ளவருக்கு இரண்டொரு நாள் உழைப்பு!

சாட்சி நின்ற ஐந்து எண்களையும் ஒன்றோடொன்று பெருக்கிப் பாருங்கள். சதுரங்கப் பலகையின் முதற்பாதியிலுள்ள 32 கட்டங்களின் மொத்த நெல்லும் அதுவே. அதை நமது எண்ணால் பெருக்கினால் 64 கட்டங்களின் மொத்தமும் கிடைக்கிறது.

65,537க்கு அப்பால் இவ்வரிசையில் ஒரு பகா எண்ணேனும் இதுவரை அகப்படவில்லை. அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று நிறுவியவரும் இல்லை.

பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் வாழும் நாம், அங்கு நாலைந்து பேருடன் பழகிய அளவில் ‘இவ்வூரார் அனைவரும் இப்படித்தான்’ என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அவர்களும் நம்மை அவ்வாறே அளக்கிறார்கள். ஆறாவது மனிதரைச் சந்திக்கும்வரை தீர்ப்பை ஒத்திவைத்தால் இரு சாராருக்கும் நன்மை உண்டு.