மெதுவாக ஏறும் மஞ்சள் மருந்து

டிக்கோயாப் பக்கம் மழை பிடித்தால் லயத்துச் சுவரெல்லாம் பூசணம். "துணியையும் அரிசியையும் கெடுக்குற பூசணம் ஆளையும் கொல்லுமா?" என்று கொழுந்து எடுக்கும் ஓர் அக்கா என்னிடம் கேட்டார்.

கொன்றிருக்கிறது அக்கா, நம் இலங்கையிலேயே. 2005 ஜூன், ஜூலை மாதங்களில் சிசேரியனுக்காக முதுகில் விறைப்பூசி போட்ட ஐந்து தாய்மாருக்கு மூளையுறையில் பூஞ்சை பிடித்தது. ஒரு நோயும் இல்லாமல் பிள்ளை பெறப் போனவர்கள். மூவர் இறந்துவிட்டார்கள். சுனாமி உதவிப் பொருட்கள் மருந்துக் களஞ்சியத்தை நிறைத்திருந்த காலம் அது. ஊசிக்குழாய்கள் ஈரம் கூடிய இடத்தில் இருந்ததுதான் காரணமாயிருக்கும் என்று விசாரித்தவர்கள் சந்தேகப்பட்டார்கள்.

சுவர்ப் பூசணம் எல்லாரையும் அப்படித் தாக்காது. கட்டுப்படாத சீனி வருத்தம், நெடுநாள் ஸ்டீரொய்ட், புற்றுநோய் மருந்து என்று உடம்பு தளர்ந்தவர்களுக்குத்தான் பயம் அதிகம். 2021இல் இந்தியாவில் கொரோனாவுக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை பரவியபோது, குடும்பங்கள் ஊர் ஊராகத் தேடி அலைந்த மஞ்சள் நிற ஊசி மருந்து அம்ஃபோடெரிசின் பி.

உயிர் காக்கும் மருந்து. ஆனால் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். பொட்டாசியத்தைக் குறைத்து இதயத் துடிப்பையும் குழப்பும். அதனால்தான் அடிக்கடி இரத்தம் எடுக்கிறார்கள். "இருக்கிற இரத்தத்தையும் எடுத்துட்டாங்க" என்று தாதியோடு கோபிக்காதீர்கள்.

சேலைன் விஷயம் விசித்திரமானது. சிறுநீரகத்தைக் காக்க, மருந்துக்கு முன்னால் சேலைன் ஏற்றுவார்கள். அதே சேலைனில் இந்த மருந்தைக் கலந்தால் திரிந்துபோகும்; குளுக்கோஸ் திரவத்தில்தான் கலக்க வேண்டும். பழைய வகை மருந்து ஏற இரண்டு மணி முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் குழாயிலுள்ள சின்னச் சக்கரத்தை யாரும் திருப்பிவிடக் கூடாது. வேகமாக ஏறினால் இதயம் நின்றுபோகலாம். ஏறும்போது குளிர் நடுக்கமோ காய்ச்சலோ வந்தால் போர்வையைப் போர்த்திவிட்டுச் சும்மா இருக்காமல் உடனே தாதியைக் கூப்பிடுங்கள்.

எனக்கு மிகவும் பயம் தருவது வேறொன்று. இந்த மருந்தில் வகைகள் உண்டு. பழைய வகை, ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கொழுப்புக் குமிழியில் அடைத்த புது வகையைப் பொதுவாகக் கிலோவுக்கு 3 முதல் 5 மில்லிகிராம் வரை கொடுப்பார்கள். பெயர் ஒன்றுதானே என்று புதியதின் அளவில் பழையதை ஏற்றினால் உயிரே போகும். அப்படிச் சாவுகள் நடந்ததால் 2007இல் பிரித்தானியா தன் வைத்தியசாலைகளை எச்சரித்தது.

ஆகவே, டிக்கோயாவிலிருந்து நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ நோயாளியை மாற்றினால், கூடப் போகிறவர்கள் மாற்றல் துண்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். எந்த வகை, எத்தனை மில்லிகிராம், கடைசியாக எத்தனை மணிக்கு ஏற்றியது, நோயாளியின் எடை என்ன? இவை அதில் இல்லையென்றால், அம்புலன்ஸ் புறப்படுமுன் கேட்டு எழுதி வாங்குங்கள்.