பெயரிழந்த தெய்வங்கள்

(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொங்கு மண்ணிலிருந்து வெளிவந்த உரோமை வெள்ளிக் காசுகளை நீங்கள் அறிவீர்கள். அவற்றுள் திபேரியசு மன்னனின் (கி.பி. 14–37) காசுகள் மிகுதி. ஒரு பக்கம் மன்னன் தலை. மறுபக்கம் அமர்ந்த பெண்ணுருவும், ‘தலைமைப் பூசகன்’ எனப் பொருள்படும் இலத்தீன் எழுத்துகளும். ஆளும் வேந்தனே சடங்குகளுக்கும் தலைவன் என்று காசில் பொறித்துக்கொண்ட அம் மக்கள் எத் தெய்வங்களை வணங்கினர்? அத் தெய்வங்கள் என்னவாயின? இவையே இன்று நான் பேச எடுத்துக்கொண்டவை.

உரோமர் தொடக்கத்தில் உழவர். அவர்தம் பழந்தெய்வங்களுக்குத் தாய்தந்தையர் வரலாறில்லை, காதற் கதைகளில்லை. நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் உருவமும் இல்லை என்று அவர்தம் பேரறிஞர் வார்ரோ (கி.மு. 116–27) எழுதினார். பணி ஒன்றே தெய்வத்தின் அடையாளம். மண்மகளுக்கும், கூலத் தெய்வமாகிய கெரேசுக்கும் படையலிட்ட பூசகர் பன்னிரு பெயர்களைக் கூவியழைத்தார். தரிசு கீறுவோன், மறுவுழவு செய்வோன், சாலெடுப்போன், விதைப்போன், பரம்படிப்போன், களை பறிப்போன், அறுப்போன், களத்திற்குச் சுமப்போன், சேர்ப்போன், குதிரிலிருந்து எடுத்துக் கொடுப்போன் என்று அப் பட்டியல் செல்கிறது. அத்தனையும் இலத்தீன் வினைச்சொற்களிலிருந்து பிறந்த பெயர்கள். கேட்ட உழவனுக்குப் பொருள் சொல்ல உரையாசிரியன் வேண்டியதில்லை!

வாயிலுக்கு யானசு; அவன் பெயராலேயே சனவரி. அடுப்பின் தீக்கு வெசுத்தா. அவள் கோயிலில் சிலையன்று, அணையாத் தீயே தெய்வம். எல்லைக்கல்லுக்குத் தெர்மினசு; பிப்ரவரி 23-இல் வயல் பகுத்த இருவீட்டாரும் சேர்ந்து அக் கல்லுக்கு மாலையிட்டனர். கதிரில் துருநோய் விழாதிருக்க உரொபிகோவை வேண்டினர். போர்த்தெய்வம் என்று நாம் படிக்கும் மார்சைக் கூட, வயலையும் கால்நடையையும் காக்கும்படி அழைக்கும் வேண்டுதலைக் கேட்டோ தம் வேளாண் நூலில் எழுதி வைத்துள்ளார். கதவுக்கும் கீலுக்கும் வாயிற்படிக்கும் மூன்று தெய்வங்களா, மாந்தருள் ஒரு வாயிற்காவலன் போதுமே என்று கிறித்தவப் பெரியார் அகுசுதீன் பின்னாளில் எள்ளினார். எள்ளட்டும். வீட்டின் ஒவ்வோர் உறுப்புக்கும் சொல்லும் மதிப்பும் வைத்திருந்த மக்களை நான் எள்ளமாட்டேன்.

இனி, கிரேக்கம் வந்த கதை. கிரேக்கர் உரோமையை வாளால் வெல்லவில்லை, கி.மு. 146-இல் கொரிந்தை அழித்தவர் உரோமரே. ஆயினும் கிரேக்கக் கதைகளைக் கொண்டுவந்து தம் தெய்வங்களின்மேல் ஏற்றிக்கொண்டவரும் அவரே. யூப்பித்தர் சியூசானார், யூனோ எராவானாள், மினெர்வா அத்தேனாவானாள், வயல் காத்த மார்சு, சண்டைக்காரன் அரேசானார்.

இதில் ஒரு வியப்பைக் கேளுங்கள். கிரேக்கரின் ஒதிசியை இலத்தீனில் முதலில் பெயர்த்தவர் இலிவியசு அந்திரோனிக்கசு. தாமே கிரேக்கர் என்பர். அவர் கிரேக்கக் கலைமகளிரின் பெயரை நீக்கி, உரோமையின் ஊற்றுத் தெய்வமான கமேனாவின் பெயரை வைத்தார். அடுத்து வந்த எண்ணியசோ கிரேக்கப் பெயரையே இலத்தீன் பாட்டுக்குள் கொண்டுவந்தார். வேற்றார் காத்த சொல்லைப் பின்வந்தவர் தள்ளினர்!

கெரேசுக்கு நேர்ந்தது இதனினும் கொடிது. பன்னிரு உழவுப் பெயர்களோடு அழைக்கப்பட்ட அவளுக்கே கிரேக்கச் சடங்கொன்று ஏற்பட்டது. அதனை நடத்தக் கிரேக்கப் பூசகியரே வேண்டுமென்று நேப்பிள்சிலிருந்தும் வேலியாவிலிருந்தும் வரவழைத்தனர். அங்குப் பெயர்களெல்லாம் கிரேக்கமே என்று சிசெரோ கூறுகிறார். தன் மண்ணில், தன் உழவர் நடுவில், தன் மொழியில்லாமல் அத் தெய்வம் நின்றது. 2020-இல் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கில் தமிழும் ஒலிக்க உயர்நீதிமன்றப் படியேறிய நமக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

பழஞ்சடங்குகள் அறவே நின்றுவிடவில்லை. அதுதான் கவனிக்கத் தக்கது. சாலியர் என்னும் பூசகர் மார்ச்சுத் திங்கள்தோறும் கேடயமேந்தி ஆடிப் பாடினர். ஆனால், அப் பாட்டு அதனைப் பாடிய பூசகருக்கே சரிவர விளங்கவில்லை என்று கி.பி. முதல் நூற்றாண்டில் குவிந்திலியன் எழுதினார். வாய் பாடியது, பொருள் போயிற்று.

இதனை முன்னரே உணர்ந்தவர் வார்ரோ. பகைவர் படையெடுப்பாலன்று, நம் மக்களின் பாராமுகத்தாலேயே தெய்வங்கள் அழியுமென அஞ்சுகிறேன் என்னும் கருத்தில் எழுதி, அவற்றின் பெயர்களையும் பணிகளையும் பதினாறு சுவடிகளில் தொகுத்தார். அந் நூல் இன்றில்லை. அதனைப் பெரும்பாலும் மறுப்பதற்காக எடுத்துக்காட்டிய அகுசுதீன் வழியாகத்தான் நாம் அறிகிறோம்.

அவருடைய இலத்தீன் மொழிநூல் ஓரளவு எஞ்சியது. அதில் பூரினா என்றொரு தெய்வம். முன்னோர் அவளுக்கு ஆண்டுதோறும் விழாவெடுத்தனர். தனிப் பூசகரையும் அமர்த்தினர். இன்றோ பெயரை அறிந்தவரே மிகச் சிலர் என்கிறார் வார்ரோ. சூலை 25 அவள் நாள் என்பது நாட்குறிப்புக் கல்வெட்டுகளில் இருக்கிறது. அவள் எப் பணிக்குரியவள் என்பதை வார்ரோவும் அங்குச் சொல்லவில்லை.