விசைக் கலப்பையை விபத்தின்றி இயக்குதல்

(நாங்குநேரியில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



நம் வட்டாரத்தில் உழவுமாடு கட்டியிருக்கும் தொழுவங்களை இன்று விரல்விட்டு எண்ணிவிடலாம். வாழைக்கு மண் கொத்த ஆள் தேடி அலைந்து சலித்தவர்கள், பவர் டில்லரையும் அதற்குத் தம்பி போன்ற பவர் வீடரையும் நாடுகின்றனர். வேளாண்மைப் பொறியியல் துறையின் மானியமும் இதற்கு ஊக்கமளித்து வருகிறது. இயந்திரம் வேண்டுமா, வேண்டாமா என்று வாதிட நாம் இங்கு வரவில்லை. வந்துவிட்ட இயந்திரத்தோடு எவ்வாறு பழகுவது என்பதே நம் பேச்சு.

சுழலும் கத்தியால் மண்ணைக் கிளறும் யோசனையை 1912ஆம் ஆண்டில் சோதித்துப் பார்த்தவர் ஆஸ்திரேலியாவில் ஆர்தர் ஹோவர்டு என்னும் விவசாயி மகன். முதலில் அவர் பூட்டிய கத்திகள் மண்ணைப் பக்கவாட்டில் வாரி இறைத்தன. பிறகு முழங்கையைப் போல் மடங்கிய கத்திகளை அமைத்தார். இன்று உங்கள் இயந்திரத்தில் இருப்பதும் அந்த மடங்கிய கத்தியே. ஜப்பானியரின் நெல் வயல்களில் பெருகிய இவ்வகை இயந்திரம், 1967இல் பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலை வாயிலாகவும், 1973இல் கேரள அரசு தொடங்கிய நிறுவனம் வாயிலாகவும் நம் நாட்டிலேயே உருவாகலாயிற்று. அக்கத்தி நிமிடத்துக்கு 200, 300 முறை சுழல்வது. மண்ணுக்கும் மனிதனின் பாதத்துக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது.

சிறிய பவர் வீடரில் கைப்பிடியோடு சேர்ந்த நெம்புகோல் ஒன்று உண்டு. அதை அழுத்திப் பிடித்திருக்கும் வரை கத்தி சுழலும். கை விட்டால் கத்தி நிற்கும். இயக்குபவர் கால் இடறி விழுந்தால் அவர் கை தானாகவே பிடியை விடும். உடனே கத்தி ஓய்ந்துவிடும். இதைச் செய்தவர்கள் யோசித்துத்தான் செய்தார்கள். நம்மவர்களோ, நாளெல்லாம் அழுத்தினால் கை கடுக்கிறது என்று அந்த நெம்புகோலைக் கயிறு கொண்டு கைப்பிடியோடு கட்டிவிடுகிறார்கள்! கை கடுப்பது உண்மையே. ஆனால் அதற்குப் பரிகாரம், அரை மணிக்கு ஒருமுறை ஆளை மாற்றுவதேயன்றிக் கயிறு அன்று.

சென்ற ஆண்டு வாழைத் தோட்டம் ஒன்றில் நேர்ந்ததை நாம் நேரில் சென்று விசாரித்தோம். ஏத்தன் வாழைக்கு ஆறடி இடைவெளி என்பது கன்று வைக்கும்போது உள்ள கணக்கு. பக்கக்கன்று முளைத்து, மட்டை சாய்ந்து, முட்டுக்கம்பும் ஊன்றிய பிறகு இயந்திரம் திரும்ப இடமேது? வரிசை முடிவில் அந்த இளைஞர் பின்னோக்கி ஓட்டினார். குதிகாலில் வெட்டிய வாழைக் கட்டை தட்டியது. மல்லாந்து விழுந்தார். இயந்திரம் அவரை நோக்கியே வந்தது, நெம்புகோல் கட்டப்பட்டிருந்தது. இடது காலின் இரண்டு விரல்கள் போயின. அவர் தோட்டத்துக்காரரும் அல்லர், இயந்திரத்தின் உடைமையாளரும் அல்லர். மணிக் கூலிக்கு வந்தவர். வாடகை மணிக்கணக்கில் ஓடும்போது நிறுத்தி நிதானிக்க யார் அவரை விடுகிறார்கள்? ஆகவே இக்குற்றத்தில் நாம் எல்லோருமே கொஞ்சம் பங்காளிகள்.

பின்னோக்கி ஓட்டுவதற்கு முன் கத்தியின் இயக்கத்தைத் துண்டிக்க வேண்டும். பின்னால் திரும்பிப் பார்த்த பிறகே நகர்த்த வேண்டும். முதுகுக்குப் பின் மரமோ சுவரோ இருந்தால், சற்றுச் சிரமமாயினும் முன்னோக்கியே வளைத்துத் திருப்புவது நன்று. கத்தியில் சருகும் மட்டை நாரும் சுற்றிக்கொள்வது வாழைத் தோட்டத்தில் அன்றாட வழக்கம். அப்போது இயந்திரத்தை முற்றிலும் நிறுத்திய பிறகே கை வைக்கவேண்டும். நாரை அறுத்தவுடன் கத்தி சட்டென்று ஒரு சுற்றுச் சுற்றுவதும் உண்டு; கையால் இழுக்காமல் அரிவாள் முனையால் அறுத்தெடுங்கள். மண் தெறிக்காமல் காக்கும் மூடியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வருவதும் கூடாது. வெறுங்காலோடும், தொங்கும் வேட்டியோடும், தோளில் துண்டோடும் இதன் அருகே நிற்கலாகாது. களை பொறுக்கும் பெண்களையும் வேடிக்கை பார்க்கும் குழந்தைகளையும் விலக்கி வைப்பது இயக்குபவரின் பொறுப்பு.

பெரிய டில்லரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குளக்கரையிலிருந்து இறங்கும்போது இடப்பக்கத் திருப்பு நெம்புகோலைப் பிடித்தால் வண்டி வலப்பக்கம் திரும்பக்கூடும்! விடுபட்ட சக்கரம் சரிவில் வேகமாக உருளுவதே இதற்குக் காரணம். இதை அறியாமல் பதறுகிறவர்கள் பலர். சரிவில் அந்த நெம்புகோல்களைத் தொடாமல், தாழ்ந்த கியரில் மெல்ல இறங்கி, கைப்பிடியைத் தள்ளியே திருப்ப வேண்டும்.

பெட்ரோல் ஊற்றுவது இயந்திரம் ஆறிய பிறகு. பீடியும் அப்போது வேண்டாம். மூடிய கொட்டகைக்குள் இயந்திரத்தை ஓடவிடாதீர்கள். அதன் புகை மணமின்றியே மயக்கும்.

காயம் பட்டுவிட்டால் மண்ணெண்ணெயோ மஞ்சளோ வைக்க வேண்டாம். சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து 108க்குச் சொல்லுங்கள். துண்டான விரலைத் துணியில் சுற்றிப் பையிலிட்டு, அப்பையைப் பனிக்கட்டிமேல் வைத்துக் கொண்டுசெல்லுங்கள். பனிக்கட்டி விரலில் நேரே படக்கூடாது. ரண ஜன்னி ஊசியும் அவசியம்.

ஊராட்சி அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் வாடகைக்குச் செல்லும் ஒவ்வொரு இயந்திரத்தையும் மாதம் ஒருமுறை நிறுத்திவைத்து, மூடி இருக்கிறதா, நெம்புகோல் விட்டால் கத்தி நிற்கிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை அது. இன்று செயல்விளக்கத்துக்கு வாடகையில் வரவழைத்த இயந்திரம் வெளியே வேப்பமர நிழலில் நிற்கிறது. அதன் நெம்புகோலிலும் நைலான் கயிறு கட்டியிருந்தது. காலையில் நாமே அவிழ்த்தோம். வாருங்கள், இப்போது ஒவ்வொருவராக அதை அழுத்திப் பார்த்து, விட்டுப் பார்ப்போம்.